பின் சீட்டு, ஸ்பேர் டயர் கழற்றி எடை குறைப்பது: தாப்பா பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், தோட்டம் கைமாறியபின் எழுந்த தாமான்களிலிருந்தும் (குடியிருப்புகளிலிருந்தும்) எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் நிறைய பேர் தினமும் ஈப்போவுக்கோ கம்பாருக்கோ வேலைக்குப் போய் வருகிறவர்கள். மாதச் செலவில் பெட்ரோல் பெரிய பங்கு. அதனால் ஆயில் மாற்ற வந்த இடத்தில்கூட "பின் சீட்டைக் கழற்றிடலாமா, ஸ்பேர் டயரை வீட்டில் வெச்சிடலாமா" என்ற பேச்சு வந்துவிடும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது.

கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எடைக் கணக்கு எல்லாம் கஞ்சில், விவா, ஆக்சியா, மைவி, சாகா என்று இங்கே அதிகம் ஓடும் சின்னக் கார்களுக்கானது. பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம்.

"அண்ணே, பின் சீட்டையும் ஸ்பேர் டயரையும் எடுத்துட்டா பெட்ரோல் மிச்சமாகுமா, ஆகாதா?"

ஆகும். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஆகாது. அமெரிக்க எரிசக்தித் துறை கார் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லும் பொதுக் கணக்கு இது: வண்டியில் 100 பவுண்டு, அதாவது 45 கிலோ கூடினால், ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் ஏறக்குறைய 1 விழுக்காடு குறையும். சின்னக் காரில் அதே 45 கிலோ மொத்த எடையில் பெரிய பங்கு என்பதால் பாதிப்பு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

எடை மூன்று இடங்களில் பெட்ரோலைக் கேட்கும். நின்ற வண்டியைக் கிளப்பி வேகம் ஏற்றும்போது, மேடு ஏறும்போது, டயர் உருளும்போது. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கும் எடைக்கும் சம்பந்தம் இல்லை. நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது இன்ஜினின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. உள்ளே சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காற்று ஒன்றுதான். ஆகவே தினம் நெடுஞ்சாலை ஏறி ஈப்போ போகிறவருக்கு இந்த வித்தையில் கிடைப்பது குறைவு. டவுனுக்குள்ளேயே நின்று நின்று ஓட்டுகிறவருக்குக் கொஞ்சம் அதிகம்.

"மொத்தமா எத்தனை கிலோ குறையும்?"

சின்ன ஹேட்ச்பேக்கில் பின் சீட்டு, உட்காரும் பாகமும் சாய்மானமும் சேர்த்து, பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ. உட்காரும் பாகத்தை முதல்முறை தூக்குகிறவர் "இவ்வளவுதானா?" என்று கேட்பார். அது வெறும் ஃபோமும் கம்பியும். கனம் எல்லாம் சாய்மானத்தில்தான், அதுவும் இரண்டாகப் பிரிந்து மடங்குகிற வகையாக இருந்தால் இரும்புச் சட்டமும் பூட்டும் சேர்ந்துகொள்ளும். 13, 14 அங்குல இரும்பு ரிம்மோடு ஸ்பேர் டயர் 12 முதல் 15 கிலோ. ஜேக், நட்டு கழற்றும் ஸ்பானர், கொக்கிக் கம்பி எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று கிலோ.

தாராளமாகவே 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் ஆண்டு படிக்கிற பிள்ளை ஒன்று காரிலிருந்து இறங்கிக்கொண்டால் குறைகிற எடை அது. ஆக்சியா ஏறக்குறைய 850 கிலோ, மைவி 1,000 கிலோவை ஒட்டி வரும். ஆக நீங்கள் குறைப்பது 4, 5 விழுக்காடு. சந்தேகம் இருந்தால் வீட்டு எடை மெஷினில் முதலில் நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள், பிறகு ஸ்பேர் டயரைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள். முதுகு பத்திரம்.

"அதை வெள்ளியில சொல்லுங்க. மாசத்துக்கு எவ்வளவு கையில நிக்கும்?"

தாப்பாவிலிருந்து ஈப்போ ஒரு வழிக்கு 60 கிலோமீட்டர் என்று வைப்போம். போக வர 120, மாதம் 24 நாள் வேலை. 2,880 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 5 லிட்டர் குடிக்கும் சின்னக் கார் என்றால் 144 லிட்டர். மேலே சொன்ன 1 விழுக்காட்டைக் கூட்டி, தாராளமாக 1.5 என்று போட்டால் மிச்சம் 2.2 லிட்டர்.

2025 செப்டம்பர் 30 முதல் மைகார்டு (அடையாள அட்டை) காட்டிப் போடும் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி (ரிங்கிட்) 99 காசு. அந்த விலைக்கு மாதம் 4 வெள்ளி 30 காசு மிச்சம். வருடத்துக்கு 52 வெள்ளி. இது மாதம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு. கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் வண்டி எடுக்கிறவருக்கு 52 வெள்ளி அல்ல, 10 வெள்ளி வந்தாலே பெரிது. இதை நான் சொன்னால் முகம் சுருங்குகிறது. கால்குலேட்டரைக் கையில் கொடுத்து நீங்களே போடுங்கள் என்றால் நம்புகிறார்கள்.

"நெடுஞ்சாலையை விடுங்க. கேமரன் மலை ஏறும்போதாவது வித்தியாசம் தெரியுமே?"

நம் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். தாப்பாவில் தொடங்கும் 59ஆம் எண் சாலை லாத்தா இஸ்கண்டார், ரிங்லெட் வழியாக வளைந்து வளைந்து தானா ராத்தாவுக்கு ஏறுகிறது. ஏறும் உயரம் சுமார் 1,400 மீட்டர். எடை குறைத்தால் பயன் தெரிய வேண்டிய சாலை என்றால் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 கிலோவை 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 5.5 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தி சுமார் 3.4 கோடி ஜூல். அதில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வந்து சேருகிறது, மீதி சூடாகப் போய்விடுகிறது. வகுத்தால் வருவது 65 மில்லிலிட்டர். முழு மலையும் ஏறி முடிக்க உங்கள் பின் சீட்டும் ஸ்பேர் டயரும் சேர்ந்து கேட்கும் பெட்ரோல் 13 காசுக்கு. வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து ஏற்றுவதைச் சேர்த்தாலும் காசுக் கணக்குதான், வெள்ளிக் கணக்கு இல்லை.

"ஆனா மேல போகப் போக வண்டி இழுக்க மாட்டேங்குதே" என்பார்கள். அதற்குப் பெரிய காரணம் காற்று. 1,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 12, 13 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்று குறைந்தால் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். நீங்கள் கழற்றியது 4, 5 விழுக்காடு எடை, மலை எடுத்துக்கொண்டது 12 விழுக்காடு பலம். ஏர்கானை அணைத்து, கண்ணாடியை இறக்கி, கியரைக் கீழே வைத்து ஏறுங்கள். சீட்டைக் கழற்றியதைவிட அது உதவும். மேலே குளிர்தானே.

"சரி, சீட்டை விடுங்க. ஸ்பேர் டயரை மட்டும் எடுத்து வீட்டுல வெச்சிடறேன். சும்மாதானே கிடக்குது?"

இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இந்தப் பக்கம் எதையாவது ஒன்றை வண்டியில் விட்டுவைக்க வேண்டும் என்றால் அது ஸ்பேர் டயர்தான்.

காரணம் நம் சாலைகள். டவுனில் ஆணி ஏறும், சரி. தோட்டத்துச் செம்மண் பாதையில் நடப்பது வேறு. செம்பனை மட்டையின் அடிப்பகுதி முழுக்க முள். வெட்டிப் போட்ட மட்டை பாதை ஓரத்தில் கிடக்கும், எதிரே பழ லோரி வந்தால் ஒதுங்க வேண்டியது அதன்மேல்தான். முள் டயரின் முகத்தில் ஏறினால் ஒட்டுப் போடலாம், பெரிய கேடு இல்லை. மழையில் தோண்டிப்போன பள்ளத்தில் இறங்கிக் கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் ஒட்டும் கிடையாது, மருந்தும் கிடையாது. பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிற இடம். அங்கே போட்ட ஒட்டு நிற்காது. டயரை மாற்றியே ஆக வேண்டும்.

பிளஸ் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் ரோந்து வண்டி வரும். தோட்டத்துக்குள்ளே, போன் சிக்னல் பாதி இருந்தும் இல்லாமலும் கிடக்கிற இடத்தில், இரவு ஒன்பது மணிக்கு யார் வருவார்? இழுவை வண்டி வந்தாலும் ஒருமுறை இழுக்கிற கூலி, நீங்கள் வருடம் முழுக்க மிச்சம் பிடித்த 52 வெள்ளியைவிட அதிகம். அதிலும் 52 என்பது சீட்டும் சேர்த்து வந்த தொகை. ஸ்பேர் டயரின் பங்கு 20 வெள்ளிக்கும் குறைவு.

இன்னொன்று. ஸ்பேர் டயரை எடுக்க வேண்டாம் என்றால் அப்படியே மறந்துவிடச் சொல்லவில்லை. பட்டறைக்கு வரும் வண்டிகளில் ஸ்பேரை அமுக்கிப் பார்த்தால் பல சமயம் பாதிக் காற்றுகூட இருப்பதில்லை. காற்றில்லாத ஸ்பேரைச் சுமப்பது மட்டும்தான் உண்மையான வீண் சுமை.

"இப்போ வர்ற புது கார்ல ஸ்பேரே இல்லையே. கம்பெனிக்காரனே எடுத்துட்டான், நாம எடுத்தா மட்டும் தப்பா?"

உண்மைதான், சில ஹைபிரிட், மின்சாரக் கார்கள் ஒரு புட்டி சீலன்ட் மருந்தும் சின்னக் காற்று கம்ப்ரஸரும் மட்டும் வைத்து வருகின்றன. பேட்டரிக்கு இடம் வேண்டும், செலவு குறைய வேண்டும், சோதனைக் கூடத்தில் அளக்கும் எரிபொருள் கணக்கில் ஒவ்வொரு கிலோவும் சேரும். லட்சக்கணக்கில் வண்டி செய்கிறவருக்கு 15 கிலோ பெரிய விஷயம். ஒரே வண்டி வைத்திருக்கும் உங்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

அந்த மருந்து டயரின் முகத்தில் உள்ள சின்ன ஓட்டையைத்தான் அடைக்கும், ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வரை. மேலே சொன்ன பக்கச் சுவர்க் கிழிசலுக்கும் வளைந்த ரிம்முக்கும் அது பயன்படாது. புட்டியில் காலாவதித் தேதி உண்டு, வெயிலில் நிற்கும் காரில் அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மருந்து ஊற்றிய டயரைக் கழற்றிச் சுத்தம் செய்கிற டயர் கடைக்காரர் உங்களை வாழ்த்த மாட்டார். ஸ்பேர் இல்லாத கார்தான் உங்களுடையது என்றால் தேதியைப் பாருங்கள், கம்ப்ரஸர் ஓடுகிறதா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள், தோட்டப் பாதையில் மெதுவாகப் போங்கள்.

"மெலிசா ஒரு ஸ்பேர் வருதே, அதைப் போட்டா எடை குறையுமில்ல?"

குறையும், சில கிலோ. இது நடுவழி, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கண்ட கண்ட வண்டியின் மெலிந்த ஸ்பேரைப் பழைய சாமான் கடையில் வாங்கிப் போடக்கூடாது. நட்டுகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், நடுத்துளையின் அளவும் பொருந்த வேண்டும். முன் பிரேக்கில் முட்டாமல் சுற்ற வேண்டும். வெளிச்சுற்றளவு மற்ற டயர்களோடு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். வாங்கும் முன்பே முன் சக்கரத்தில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

அதற்குக் காற்று 60 பிஎஸ்ஐ, சாதாரண டயரைப்போல இரண்டு மடங்கு. மேல்வேகம் 80. அடுத்த டயர் கடை வரை போவதற்குத்தான் அது. தீபாவளிக்குப் பினாங்கு வரை போய் வருவதற்கு அல்ல.

"சீட்டு இல்லாம ஓட்டினா ஜேபிஜே பிடிக்குமா?"

சீட்டை மடக்கிப் போட்டு ஓட்டுவது பிரச்சினை இல்லை, அதற்காகத்தான் அது மடங்குகிறது. கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் ஓட்டுவது வேறு. வண்டி ஐந்து பேர் உட்காரும் கார் என்று பதிவாகியிருக்கிறது. பதிவான வண்டியின் அமைப்பை மாற்ற வேண்டும் என்றால் சாலைப் போக்குவரத்துத் துறையின், அதாவது ஜேபிஜேயின், அனுமதி வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருகிற விஷயம் இது. "சும்மா நாலு போல்ட்டுதானே கழற்றினேன்" என்பது சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரியிடம் எடுபடுமா என்று சோதித்துப் பார்க்க நான் சொல்லமாட்டேன்.

காரை விற்று பெயர் மாற்றும்போது பரிசோதனை வரும். அப்போது எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். சீட்டைத் தூக்கிப் போட்டவர்கள், அதே நிறத்தில் வேறு சீட்டுத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். பழைய சாமான் கடைக்காரருக்கு அது நல்ல வியாபாரம்.

"இன்சூரன்ஸ்?"

மாற்றங்களைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. சொல்லாமல் கழற்றிவிட்டு மோதினால், உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது கேள்வி எழுப்ப நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள். கடன் முடியாத கார் என்றால் வங்கியும் உள்ளே வரும். 52 வெள்ளிக்கு இவ்வளவு பேரோடு பேச வேண்டுமா என்று யோசியுங்கள்.

"பெட்ரோலுக்கு இல்ல அண்ணே. பசார் மாலாமுக்குச் சாமான் ஏத்தணும், பின் சீட்டு இடைஞ்சலா இருக்கு."

இரவுச் சந்தைக்குச் சாமான் ஏற்றுவது நியாயமான தேவை. இப்படிக் கேட்கிறவர்களிடம் முதலில் சொல்வது, உட்காரும் பாகத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், சாய்மானத்தை எடுக்காதீர்கள் என்பதுதான்.

பின் சீட்டின் சாய்மானம் முதுகு சாய மட்டும் இல்லை. பின்னால் உள்ள சாமான் முன்னால் பாயாமல் தடுக்கும் சுவரும் அதுதான். ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளில் சீட்டுக்கான 17ஆம் விதியில், பின்னால் உள்ள சாமான் அறையில் கனமான பெட்டியை வைத்து மோதவிட்டு, சாய்மானம் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனையே இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சட்டென்று மோதி நின்றால், பின்னால் கட்டாமல் கிடக்கிற பொருள் அதே 50இல் முன்னால் வரும். 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் பொருளின் வேகம் அது. 10 கிலோ வெங்காய மூட்டை அந்த வேகத்தில் வந்து ஓட்டுகிறவரின் சீட்டின் பின்புறம் மோதுவதை நினைத்துப் பாருங்கள். எரிவாயுத் தோம்பாக இருந்தால் நினைக்கவே வேண்டாம்.

சாய்மானத்தை மடக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கனமான சாமான் கீழே, முன் சீட்டின் முதுகை ஒட்டி, இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். பெல்ட் பிடிக்கும் கொக்கிகள் உடம்போடு உறுதியாகப் போல்ட் அடித்தவை, அவற்றில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டலாம். பல கார்களில் பின் சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் பம்பின் மூடியும் வயர்களும் இருக்கின்றன. சீட்டை எடுத்துவிட்டு ஈரமான காய்கறிப் பெட்டியை நேரே அங்கே வைக்காதீர்கள். பலகை ஒன்று போட்டு அதன்மேல் வையுங்கள்.

"சீட்டு இல்லாத இடத்துல பாயைப் போட்டு பிள்ளைங்களை உட்கார வெச்சுக்கலாமா? கிட்டத்துலதான் போறோம்."

கூடாது. பின்னால் உட்காருகிறவர் பெல்ட் போட வேண்டும் என்பது 2009 ஜனவரி 1 முதல் சட்டம். பிள்ளைகளுக்கு அவர்களுக்கான இருக்கை கட்டாயம் என்பது 2020 ஜனவரி 1 முதல். மேலே வெங்காய மூட்டைக்குச் சொன்ன கணக்கு பிள்ளைக்கும் பொருந்தும், தோட்ட வாசலிலிருந்து பள்ளிக்கூடம் வரையான தூரத்துக்கும் பொருந்தும்.

"முன்பக்கம் பக்கத்து சீட்டை மட்டும் எடுத்துட்டு, பின் சீட்டை வெச்சுக்கிட்டா?"

அது இன்னும் சிக்கல். முன் சீட்டு ஒன்று 12 முதல் 18 கிலோ இருக்கும், பின் சீட்டைவிட எளிதாகக் கழன்றும் வரும், அதனால் ஆசை வருகிறது. ஆனால் புது வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்துக்குள்ளேயே தைத்திருக்கும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பான் தெரிந்தால் அது ஏர்பேக் வயர். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்காமல் அதில் கை வைக்காதீர்கள். கழற்றி வைத்த நிலையில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும். மறுபடி மாட்டினாலும் சில வண்டிகளில் கம்ப்யூட்டர் வைத்து அழித்தால்தான் அணையும். விளக்கு எரியும்போது மற்ற ஏர்பேக்குகளும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

பழைய கஞ்சில், இஸ்வாரா வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு ஜேபிஜே பதில் மட்டும் போதும்.

"ரேஸ் கார்ல எல்லாத்தையும் பிடுங்கிடறாங்களே. அவங்க முட்டாளா?"

இல்லை தம்பி, அவர்கள் ஓட்டுகிற இடம் வேறு. 1999இல் திறந்த செப்பாங் ஓடுதளத்தில் ஒரு சுற்றில் அரை விநாடி குறைந்தால் அது பெரிய வெற்றி. அதற்காக ஒவ்வொரு கிலோவையும் எண்ணுகிறார்கள். பின்னால் யாரும் உட்காரப் போவதில்லை, பஞ்சரானால் ஆள் ஓடிவரும். பிடுங்கியதற்குப் பதிலாக இரும்புக் குழாய்க் கூண்டு, ரேஸ் சீட்டு, நாலைந்து முனை பெல்ட், தீயணைப்புக் கருவி என்று உள்ளே ஏற்றவும் செய்கிறார்கள். கூண்டு மட்டுமே 30, 40 கிலோ வரும். நீங்கள் பிடுங்கியதை மட்டும் பார்க்கிறீர்கள். கம்பெனியே இப்படிச் செய்த சாலைக் கார்களும் உண்டு. 1973 மாடல் போர்ஷே 911 காரேரா ஆர்எஸ் 2.7 வண்டியின் ஸ்போர்ட் வகையில் பின் சீட்டே கிடையாது, எடை ஆயிரம் கிலோவுக்குக் கீழே. அங்கே சீட்டோடு நின்றுவிடவில்லை, தகடு, கண்ணாடி என்று எல்லாவற்றையும் மெலிதாக்கினார்கள்.

வேகம் எவ்வளவு கூடும் என்றால், எடை 4 விழுக்காடு குறைந்தால் 12 விநாடியில் நூறைத் தொடுகிற மைவி ஏறக்குறைய அரை விநாடி முன்னால் தொடும். ஸ்டாப்வாட்ச் பிடித்தால்தான் தெரியும்.

இதைக் கேட்க வருகிற தம்பிகளின் வண்டிச் சாமான் அறையைத் திறந்தால் ஸ்பேர் டயர் இருக்க வேண்டிய பள்ளத்தின்மேல் 25 கிலோ ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருக்கும். கீழே 14 அங்குலத்தை மாற்றிப் போட்ட 17 அங்குல ரிம். சுற்றுகிற சக்கரத்தில் ஏறிய எடை, உள்ளே கிடக்கிற எடையைவிட மோசம். அதை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். ஸ்பேரைக் கழற்றிய கையோடு அந்த ரிம்மையும் பழையபடி மாற்றினால் வித்தியாசம் உண்மையிலேயே தெரியும். இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"பின்பக்கம் லேசானா வண்டி ஓட்டத்துல ஏதும் மாறுமா?"

மாறும். நம் சின்னக் கார்கள் எல்லாம் முன் சக்கரம் இழுப்பவை. இன்ஜின் முன்னால், கனமும் முன்னால். பின் சீட்டும் ஸ்பேரும் இருப்பது பின் அச்சை ஒட்டி அல்லது அதற்கும் பின்னால். ஏற்கெனவே லேசான பின்பக்கத்தை இன்னும் லேசாக்குகிறீர்கள். பின் ஸ்பிரிங் கொஞ்சம் எழும்பி நிற்கும், பள்ளத்தில் துள்ளும்.

பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாயும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய வண்டியில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தம், சீட்டும் ஸ்பேரும் உள்ள எடைக்கு ஏற்ப வைத்தது. பின்பக்கம் லேசானால் பின் சக்கரம் சீக்கிரமே பூட்டிக்கொண்டு வழுக்கும். பின் சக்கரம் வழுக்கினால் வால் சுற்றும். தாப்பாவில் சாயங்கால மழை கொட்டும்போது, மொட்டை டயரோடு, 59ஆம் சாலையின் இறக்கத்தில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம். 40 கிலோவால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று சொல்லவில்லை. டயரும் பிரேக்கும் நன்றாக இருந்தால் தினசரி ஓட்டத்தில் பலருக்கு வித்தியாசம் தெரியாது. அவசரத்தில்தான் தெரியும்.

பிறகு சத்தம். சீட்டு ஃபோம் பாதி இரைச்சலை உறிஞ்சிக்கொண்டிருந்தது என்பது அதை எடுத்தபின் புரியும். டயர் தெளிக்கிற கல், புகைக்குழாயின் உறுமல், எல்லாம் உள்ளே வந்துவிடும்.

"அப்போ எடையைக் குறைக்கவே வேண்டாங்கிறீங்களா?"

குறையுங்கள். ஆனால் போல்ட் கழற்றாமல் குறைகிறவற்றில் தொடங்குங்கள். சாமான் அறையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். போன தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குக் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல் பெட்டி, ஓடாத பேட்டரி, உரச் சாக்கு, பந்துவீச்சுக் காலணி, மாமா திருப்பித் தருவதாகச் சொன்ன ஸ்பானர் பெட்டி. 15, 20 கிலோ எளிதாகத் தேறும்.

அதைவிடப் பெரிய இடம் டயர் காற்று. நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 விழுக்காடு எரிபொருள் கூடுதலாகப் போகும் என்பது முதல் பதிலில் சொன்ன அதே அமெரிக்கத் துறையின் கணக்கு. 7 பிஎஸ்ஐ குறைவாக ஓட்டினால் 1.4 விழுக்காடு. நீங்கள் சீட்டும் ஸ்பேரும் கழற்றி மிச்சம் பிடிக்க நினைத்தது ஏறக்குறைய அதே அளவு. பெட்ரோல் நிலையத்தில் காற்று இலவசம். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும்.

கூரைமேல் பெட்டி மாட்டியிருந்தால் வேலை முடிந்ததும் கழற்றுங்கள். நெடுஞ்சாலையில் அது 6 முதல் 17 விழுக்காடு வரை தின்னும். அதற்கு எடை காரணமில்லை, காற்றை மறிப்பதுதான் காரணம். அப்புறம் வேகம். 110க்குப் பதில் 90இல் போனால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றோடு போராடும் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறையும். ஐந்து நிமிடம் முன்னால் கிளம்புவதற்கு எந்தப் பட்டறையும் கூலி கேட்காது.

"எப்பவும் அரை டேங்க்தான் ஊத்தணும், அப்போ எடை குறையும்னு சொல்றாங்களே?"

ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 750 கிராம். புது மைவியின் டேங்க் 36 லிட்டர், முழுக்க ஊற்றினால் 27 கிலோ. அரை டேங்கில் ஓட்டினால் அதிகபட்சமாகக் குறைவது 13 கிலோ சொச்சம். முன்பு போட்ட கணக்கில் அதை வைத்தால் மாதம் ஒன்றரை வெள்ளிகூட வராது. பெட்ரோல் நிலையத்துக்கு இரண்டு மடங்கு போய் வருவதில் அது தீர்ந்துவிடும். கடைசிக் கோடு வரை காயவிட்டு ஓட்டினால் டேங்குக்குள் இருக்கும் பம்ப் சூடாகும். அதைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

"நான் போன வருஷமே கழற்றி அஞ்சடியில வெச்சிருக்கேன். திரும்பப் போடணும்னா எதைப் பார்க்கணும்?"

முதலில் சீட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எலி கூடு கட்டியிருக்கும், ஃபோம் ஈரம் பிடித்துப் பூஞ்சை பூத்திருக்கும். இரண்டு நாள் வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள். கம்பி துருவேறி இற்றுப்போயிருந்தால் அந்தச் சீட்டைப் போடாதீர்கள்.

மாட்டும்போது போல்ட்டை முதலில் கையால் நாலு சுற்று ஏற்றிவிட்டு அப்புறம் ஸ்பானர் வையுங்கள். கோணலாக ஏறினால் மரை போய்விடும், தரைத் தகட்டில் மரை போனால் செலவு. பழைய போல்ட் துருவேறியிருந்தால் கிடைத்த ஏதோ ஒன்றைப் போடாமல் அதே தரத்தில் வாங்குங்கள். பெல்ட்டின் கொக்கிகள் உட்காரும் பாகத்துக்கு அடியில் சிக்கிக்கொள்வது சகஜம். மூன்றும் மேலே வந்திருக்கின்றனவா என்று பார்த்து, ஒவ்வொன்றையும் மாட்டி இழுத்துப் பாருங்கள். சாய்மானம் இரண்டு பக்கமும் டக்கென்று பூட்டியிருக்க வேண்டும், பூட்டில் சிவப்பு அடையாளம் தெரிந்தால் இன்னும் பூட்டவில்லை. முன் சீட்டையும் எடுத்திருந்தால் மஞ்சள் இணைப்பானை மாட்டிய பிறகே பேட்டரியை இணையுங்கள். சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையவில்லை என்றால் அந்தச் சீட்டில் யாரையும் உட்காரவைக்காமல் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள்.